மிக்ஸி ரிப்பேர்!

காலை ஏழு மணி. இட்லிப் பானையில் ஆவி வந்துவிட்டது. வறுத்த பருப்பை அரைத்து இட்லிப்பொடி எடுத்தாயிற்று. அதே சூட்டோடு சட்னிக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும் ஜாருக்குள் போயின. பாதி அரைபடும்போது ஒரு முனகல், அப்புறம் சத்தமே இல்லை. குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் அசைவில்லை. "மிக்ஸி ரிப்பேர்!" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது.

ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒருவர் அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தால் குழம்பிப்போவார். அவருக்கு ரிப்பேர் என்றால் சரிசெய்வது. நமக்கு அது நோய்க்கும் பெயர், வைத்தியத்துக்கும் பெயர். ஃபேன் ரிப்பேர் ஆகும். பிறகு அதே ஃபேனை ரிப்பேர் பண்ணுவோம். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டு எந்தத் தலைமுறையும் தடுமாறியதில்லை.

இதற்குத் தமிழிலேயே இருக்கிற சொல் இன்னும் கவனிக்கத்தக்கது: பழுதுபார்த்தல். பழுதை நீக்குவதையோ ஒட்டுவதையோ அது சொல்லவில்லை, பார்ப்பதைச் சொல்கிறது. டாக்டர் நோயாளியைப் 'பார்க்கிறார்' என்கிற மாதிரி. கைதேர்ந்த மெக்கானிக் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலை; எதைக் கழற்றவேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் நாள் போகிறது.

அந்த மிக்ஸியையே எடுத்துக்கொள்வோம். அதன் மோட்டார் சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ இருபதாயிரம் சுற்றுவரை சுற்றக்கூடியது. ஜாரில் கெட்டியாக எதையாவது அடைத்தால் வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறைய மோட்டார் இழுக்கும் மின்சாரம் கூடுகிறது. மின்சாரம் கூடினால் சூடு. ஓர் அளவுக்கு மேல் போனால் காயில் எரிந்துவிடும். அது நடக்காமல் இருக்கத்தான் மிக்ஸியின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. சுமை மிஞ்சியதும் அது தானே வெளியே தள்ளிக்கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, கால்மணி நேரம் ஆறவிட்டு, மிக்ஸியைச் சாய்த்து அந்தப் பொத்தானை உள்ளே அழுத்தினால் போதும், சட்னி அரைபடும். வாங்கிய அன்று பெட்டியிலிருந்த கையேட்டில் இது படம் போட்டு விளக்கப்பட்டிருக்கும். அந்தக் கையேடு எந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்திய மிக்ஸி பிறந்ததே ஒரு ரிப்பேரில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1960-களின் தொடக்கத்தில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்ற இல்லத்தரசியிடம் ஜெர்மானிய பிரான் நிறுவனத்தின் மிக்ஸர் ஒன்று இருந்தது. ஐரோப்பியச் சமையலுக்குச் செய்த இயந்திரம் நம் ஊர் மசாலாவுக்கு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? மோட்டார் போயிற்று. இந்தியாவில் அதைச் சரிசெய்து தர ஆளில்லை. கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். பழையதைச் சரிசெய்வதற்குப் பதில், மஞ்சள் கிழங்கையும் ஊறவைத்த அரிசியையும் தாங்கும் மோட்டாரோடு புதிதாகவே ஒன்றைச் செய்ய இறங்கினார். 1963-இல் நிறுவனம் தொடங்கியது. 'சுமீத்' என்ற பெயரில் வந்த அந்த மிக்ஸி அடுத்த இருபது ஆண்டுகளில் தென்னிந்தியக் கல்யாணச் சீர்வரிசையில் நிலையான இடம் பிடித்தது. இன்னும் சில வீடுகளின் பரணில் இருக்கும், எடுத்துத் துடைத்து பிளக்கில் சொருகினால் ஓடவும் ஓடும்.

அந்த ஜெர்மானிய மிக்ஸர் ஏன் எரிந்தது என்று அந்தப் பொறியாளர் பார்த்ததால் ஒரு தொழிலே பிறந்தது. எல்லோரும் அந்த அளவுக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் வீட்டில் தலைக்கு மேல் சுற்றுகிற பொருளைப் பற்றியாவது கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

சித்திரை, வைகாசியில் எலக்ட்ரீஷியன்களுக்கு அதிகம் வரும் போன் இதுதான்: "ஃபேன் சுத்துது, ஆனா காத்தே வரலை." ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இரண்டில் சுற்றுவதுபோல் ஒரு சோம்பல். வீட்டிலுள்ள எல்லா ஃபேனும் அப்படிச் சுற்றினால் குற்றம் ஃபேன் மேல் இல்லை. தெருவுக்கே லோ வோல்டேஜ். ஒன்று மட்டும் அப்படியென்றால், பத்துக்கு ஏழெட்டு முறை கெபாசிட்டர்தான் காரணம் என்று எலக்ட்ரீஷியன் போனிலேயே சொல்லிவிடுவார்.

கெபாசிட்டர் அங்கே என்ன செய்கிறது? வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் மின்சாரம். அது காந்தப்புலத்தை முன்னும் பின்னும் ஆட்டுமே தவிர, ஒரு திசையில் சுழலவிடாது. ஊஞ்சலை ஒருவர் ஆட்டலாம்; ராட்டினத்தைச் சுற்றுவதற்கு வேறுவிதமாகத் தள்ளவேண்டும் இல்லையா? அதனால் ஃபேனுக்குள் இரண்டு காயில்கள். ஒன்றுக்குப் போகும் மின்சாரத்தைக் கெபாசிட்டர் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடுகிறது. இரண்டு தள்ளல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் ஃபேன் சுழல்கிறது. சாதாரண சீலிங் ஃபேனில் இருப்பது பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். கொக்கிப் பக்கத்துக் கிண்ணத்துக்குள் தீப்பெட்டி அளவில் ஒளிந்திருக்கும்.

அதன் உள்ளே, மிக மெல்லிய உலோகப் பூச்சு கொண்ட பிளாஸ்டிக் சுருள். மின்சாரம் திடீரென எகிறும்போதெல்லாம் அந்தச் சுருளில் ஊசி முனையளவு ஓட்டை விழும். விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு அந்த நொடியிலேயே ஆவியாகி, ஓட்டை மற்ற இடத்தைத் தொடாதபடி ஒதுக்கிவிடும். தன் காயத்துக்குத் தானே மருந்து போட்டுக்கொள்ளும் பொருள் அது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு குறைகிறது. நான்கைந்து கோடை கழிந்தபின் 2.5 என்று எழுதியிருக்கும் கெபாசிட்டரை மீட்டரில் வைத்தால் 1.8, 1.5 என்று காட்டும். அந்தக் குறைவைத்தான் கட்டிலில் படுத்திருப்பவர் 'காத்தே வரலை' என்கிறார். முழுதாகப் போய்விட்டால் ஃபேன் உறுமும், சுற்றாது. குடைக் கம்பால் இறக்கையைத் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு. கெபாசிட்டரின் விலை நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இது தெரியாமல் 'பழசாயிடுச்சு' என்று முடிவுகட்டி புது ஃபேன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

கர கரவென்று சத்தம் வந்தால் அது வேறு கதை: பேரிங். ஆடினால் இறக்கையின் வளைவையும் திருகுகளையும் பார்க்கவேண்டும். ஃபேன் பேசுகிற பாஷை அவ்வளவுதான், மூன்று நான்கு சொல்.

ஆனால் அந்தப் பாஷையும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அதனோடு பி.எல்.டி.சி. என்ற புதுவகை ஃபேன்கள் பெருகிவிட்டன. பழைய ஃபேன் எழுபத்தைந்து வாட் இழுக்கும் இடத்தில் இவை முப்பது வாட்டில் அதே காற்றைத் தருகின்றன. கரண்ட் பில்லில் தெரிகிற லாபம். ஆனால் அதற்குள் கெபாசிட்டர் மாற்றும் வேலை இல்லை. ஒரு மின்னணு போர்டு இருக்கிறது. அது போனால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிடுவார், போர்டையே மாற்றவேண்டும், கம்பெனியைத்தான் கூப்பிடவேண்டும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்தாயிற்று; பதிலுக்கு, பக்கத்துத் தெருவில் இருந்த வைத்தியம் தூரத்து ஊருக்குப் போய்விட்டது.

பழைய பொருளைப் பற்றிப் பேச்சு வந்தாலே பெரியவர்கள் சொல்வார்கள், "அந்தக் காலத்துல வாங்கினதெல்லாம் நாப்பது வருஷம் உழைக்கும், இப்ப வர்றது நாலு வருஷம் தாங்க மாட்டேங்குது." இதில் பாதி உண்மை. மிச்சப் பாதி கண்மயக்கு: நாற்பது வருடம் உழைத்தது மட்டுமே இன்று கண்ணெதிரே நிற்கிறது, அதோடு வாங்கி ஐந்தாம் வருடத்தில் காயலான் கடைக்குப் போனவை யார் நினைவிலும் இல்லை. உண்மையான பாதிக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1924-இல் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ஒரு கூட்டணி அமைத்தன. ஃபீபஸ் என்று அதற்குப் பெயர். இரண்டாயிரம் மணி நேரம்வரை எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பு இனி ஆயிரம் மணி நேரம் எரிந்தால் போதும் என்று பேசிமுடித்தார்கள். அதற்கு மேல் எரிகிற பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதம்! பல்பு அதிக நாள் எரிந்தால் வெளிச்சம் மங்கும், மின்சாரம் வீணாகும் என்று அவர்கள் சொன்ன காரணத்திலும் பொய்யில்லை. ஆனால் நல்லெண்ணத்தில் செய்கிற காரியத்துக்கு யாரும் அபராதப் பட்டியல் போடுவதில்லை.

வேண்டுமென்றே உடையும்படி செய்த எல்லாமே மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. சில பாகங்களின் வேலையே உடைவதுதான். மிக்ஸி மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர், பல் கொண்ட பிளாஸ்டிக் துண்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிளேடு சிக்கிக்கொண்டால் கப்ளர் நொறுங்கும், மோட்டார் பிழைக்கும். குக்கர் மூடியில் வெயிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சேஃப்டி வால்வுக்குள் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை இருக்கிறது. தண்ணீர் வற்றி, வெயிட்டும் அடைத்துக்கொண்டால் அது உருகி வழிவிடும். அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுச் சமையலைத் தொடர்கிற மகானுபாவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதில் நாலு இழை முறுக்கிக் கட்டுகிறவர்களும் அதே வகை. உயிரைக் கொடுத்துக் காவல் காத்த வாட்ச்மேனைத் தூக்கிவிட்டு, வாசலில் பொம்மையை நிறுத்தி வைப்பதற்குச் சமம் அது.

இந்த வரிசையில் இன்று அதிகம் திட்டு வாங்குவது ஆர்.சி.சி.பி. வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் இது, போகிற மின்சாரமும் திரும்பிவருகிற மின்சாரமும் சமமா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. முப்பது மில்லி ஆம்பியர் வித்தியாசம் வருவதற்குள் துண்டித்துவிடும். அந்த வித்தியாசம் ஒரு மனித உடல் வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருக்கலாம் என்பதுதான் அதன் சந்தேகம். மழைக்காலத்தில் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதை நேரே இணைத்துவிடச் சொல்லி எலக்ட்ரீஷியனை நச்சரிக்கும் வீடுகள் உண்டு. அப்படிச் செய்யாமல், சின்ன சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், எதைப் போடும்போது ட்ரிப் ஆகிறதோ அந்த வரியில் கசிவு. பிறகு அந்த வரியில் இருக்கும் சாமான்களின் பிளக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கவேண்டும். கீசரும் அயர்ன் பாக்ஸும் முதல் சந்தேகநபர்கள்.

பாதி ரிப்பேருக்குக் காரணம் வெறும் அழுக்கு. வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லையா? தண்ணீர்க் குழாய் மெஷினோடு சேரும் இடத்தில் இருக்கும் குட்டி வலையில் போர் தண்ணீரின் உப்பும் மணலும் அடைத்திருக்கும். ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடியும் குளிர்ச்சி இல்லையா? கதவில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போயிற்று. ஏ.சி. ஃபில்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சர்வீஸ் பண்ணினால் எல்லாம் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. "சர்வீஸ் விட்டு எடுத்ததிலிருந்துதான் வண்டியில சத்தம்" என்று புலம்பாத பைக்காரர் கிடையாது. அது வெறும் மனப்பிரமை என்று நினைக்கவேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் நீர்மூழ்கிகளைத் தேடிப்போகும் லிபரேட்டர் விமானங்களின் பழுதுக் கணக்கை சி. எச். வாடிங்டன் என்பவர் குழு ஆராய்ந்தது. அவர் இயந்திரக்காரர் அல்ல, உயிரியலாளர். ஐம்பது மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை விமானத்தைப் பிரித்துச் சோதிப்பது அங்கே வழக்கம். சோதனை முடிந்து வந்த உடனேதான் எதிர்பாராத பழுதுகள் அதிகம் வந்தன; பறக்கப் பறக்கக் குறைந்தன. சோதனை தடுக்கவேண்டியதைச் சோதனையே உண்டாக்கிக்கொண்டிருந்தது. ஒழுங்காக இருந்ததைக் கழற்றி மாட்டும்போது ஏதோ ஒரு திருகு இறுகாமல் போகிறது, ஒரு குழாய் லேசாக விலகிவிடுகிறது. சோதனைகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டச் சொன்னார் வாடிங்டன். விமானங்கள் வானில் இருந்த நேரம் கூடியது. எண்ணெய் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் அவசியம்தான். அதற்காக, ஓடுகிற இன்ஜினைச் சும்மா திறந்து பார்க்க யாரும் சொல்லவில்லை.

வீட்டில் ஒரு பொருள் நின்றால் குறைந்தபட்சம் ஒருவர் கத்துவார். அலுவலகத்தில் அதுவும் நடக்காது. பிரிண்டரில் பேப்பர் சிக்குகிறது. சிக்கவைத்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்ல நழுவி, அடுத்த மாடிப் பிரிண்டருக்குப் போய்விடுவார். அடுத்து வருபவரும் அப்படியே. மூன்றாம் நாள் யாரோ ஒரு புண்ணியவான் 'வேலை செய்யவில்லை' என்று எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டுவார். அந்தக் காகிதம் மஞ்சளாகிச் சுருளும்வரை எல்லோருக்கும் நிம்மதி. யாரோ யாரிடமோ சொல்லியிருப்பார்கள்.

காகிதம் சிக்குவதற்கும் வரலாறு உண்டு. 1959-இல் ஜெராக்ஸ் நிறுவனம் 914 என்ற எண் கொண்ட இயந்திரத்தைக் கொண்டுவந்தது. சாதாரணத் தாளில் தானே நகலெடுத்த முதல் அலுவலக இயந்திரம். நம் ஊரில் நகலுக்கே 'ஜெராக்ஸ்' என்று பெயர் வந்தது அந்த வழியில்தான். மையை உருக்கித் தாளில் ஒட்டவைக்கச் சூடு வேண்டும். தாள் சிக்கினால் அந்தச் சூட்டில் தீப்பிடிக்கும். அதனால் இயந்திரத்தோடு ஒரு சின்னத் தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்கள், 'கருகல் நீக்கி' என்கிற மாதிரி கௌரவமான ஒரு பெயர் சூட்டி. இன்றைய லேசர் பிரிண்டரிலும் அந்தச் சூடான பாகம் இருக்கிறது. அதனால்தான் உள்ளே கைவிடுமுன் அணைத்து ஆறவிடவேண்டும் என்கிறார்கள். சிக்கிய தாளை, அது போகிற திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுக்கவேண்டும். எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுத்தால் ஒரு துண்டு கிழிந்து உள்ளே தங்கி, அடுத்த பத்து நாளைக்குக் கணக்குத் தீர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. கட்டைப் பிரித்து விசிறிவிட்டு வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

பிரிண்டர் சிக்கியதில் உலகத்தையே மாற்றிய கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், 1980 வாக்கில், ஒரே பிரிண்டரைப் பல மாடிக்காரர்கள் பயன்படுத்திவந்தார்கள். பழைய பிரிண்டர் அடிக்கடி சிக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் அதன் மென்பொருளில் ஒரு சிறு வேலை செய்துவைத்திருந்தார்: தாள் சிக்கினால், அச்சுக்காகக் காத்திருக்கும் எல்லோருடைய திரையிலும் 'பிரிண்டர் நின்றுவிட்டது, போய்ச் சரிசெய்யுங்கள்' என்று செய்தி வரும். யாராவது ஒருவர் எழுந்து போவார். பிறகு புது லேசர் பிரிண்டர் வந்தது. அதுவும் சிக்கியது. ஆனால் அதன் மென்பொருளின் மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். பழைய தந்திரத்தைச் சேர்க்க வழியில்லாமல் போயிற்று. இந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-இல் அவரை குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவிக்க வைத்தது. இன்று பாதி உலகத்தின் கணினிகளை நடத்துகிற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வேர்களில் ஒன்று, சிக்கிய ஒரு தாள்.

அதே ஜெராக்ஸ் நிறுவனத்தில், இயந்திரங்களைச் சரிசெய்யப் போகும் டெக்னீஷியன்களைக் கவனிக்க ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் கிளம்பினார். பழங்குடிகளை ஆராய்கிறவர்கள் காட்டில் தங்குவதுபோல் இவர் டெக்னீஷியன்களோடு சுற்றினார், சாப்பிட்டார். கம்பெனி அவர்களுக்குத் தடித்த கையேடு கொடுத்திருந்தது: இந்தப் பிழை எண் வந்தால் இதைப் பார், அது சரியென்றால் அதைப் பார். நடைமுறையில் இயந்திரம் காட்டும் எண் ஒன்றாக இருக்கும், நோய் வேறெங்கோ இருக்கும். அப்போது அவர்களைக் காப்பாற்றியது காலைச் சாப்பாட்டு மேசையில் பரிமாறிக்கொண்ட கதைகள்தான். "போன மாசம் எனக்கு இதே மாதிரி ஒண்ணு மாட்டிச்சு..." என்று ஆரம்பிக்கும் கதை. அவருடைய ஆய்வு 1996-இல் புத்தகமாக வந்தது. அந்தக் கதைகளைச் சேகரித்து எல்லா டெக்னீஷியன்களும் பார்க்கும்படி நிறுவனம் ஒரு தகவல் தொகுப்பையே உருவாக்கிக்கொண்டது. சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாயங்காலம் ஒரு டீக்கடை வாசலில் நின்றால் இதே தொகுப்பை இலவசமாகக் கேட்கலாம்.

கிராமத்துப் பக்கம் போனால் ரிப்பேர் என்ற சொல்லுக்கு எடை கூடிவிடுகிறது. "மோட்டார் எரிஞ்சு போச்சு" என்றால் பயிருக்குத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். மூன்று ஃபேஸில் ஓடும் பம்புசெட்டுக்கு ஒரு ஃபேஸ் மட்டும் அறுந்தால் மோட்டார் உடனே நிற்பதில்லை. மிச்ச இரண்டிலிருந்து அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும், காயில் கருகும். அதைத் தடுக்க ஒரு சாதனம் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே இருக்கவேண்டும். அது ஏற்கெனவே பழுதாகி, நேரே இணைக்கப்பட்டிருக்கும்.

எரிந்த மோட்டார் போய்ச்சேரும் இடம் காயில் கட்டும் கடை. கோவைப் பக்கம் தெருவுக்கு ஒன்று பார்க்கலாம். கருகிய வார்னிஷ் நெடி, மூலையில் கறுத்த செம்புக் கம்பிக் குவியல். கைதேர்ந்த ஆள் எரிந்த காயிலைப் பிய்த்து எறிந்துவிட மாட்டார். முதலில் எண்ணுவார். எந்தப் பள்ளத்தில் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, முனைகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று எல்லாவற்றையும் எண்ணெய்க்கறை படிந்த நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகுதான் கத்தி. சுற்றுக்கணக்கு தவறினாலோ, கம்பி ஒரு கேஜ் மெலிந்தாலோ மோட்டார் ஓடும், ஆனால் சூடாகும், மின்சாரத்தைத் தின்னும், அடுத்த கோடைக்குள் திரும்பிவரும். எந்தக் கருகல் எப்படி வந்தது என்பதையும் அவர் சொல்லிவிடுவார். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் சுமை அதிகம். ஒரு கூட்டம் கருகி ஒரு கூட்டம் புதிதுபோல் இருந்தால் ஃபேஸ் அறுந்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு ஊர்போய் ஸ்டார்ட்டரைச் சரிபார்க்காத விவசாயி அதே கடைக்கு மறுபடி வருவார்.

தொடக்கூடாத இடங்களும் உண்டு. மின்வாரியத்தில் லைன்மேன் கம்பத்தில் ஏறுமுன் 'எல்.சி.' வாங்குவார். லைன் கிளியர், அதாவது இந்த லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற உறுதி. வீட்டிலும் அதற்கு இணையான வேலை உண்டு: அறை சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை இறக்குவது. நியூட்ரல் பக்கம் சுவிட்ச் வைத்த வயரிங் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது; அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஃபேனில் மின்சாரம் நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பின் மூடியை மட்டும் யாரும் கழற்றவேண்டாம். அதற்குள் இருக்கும் கெபாசிட்டர் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக்கொள்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிர் வாங்கக்கூடியது. பேட்டரி உப்பிய செல்போனையும் அமுக்கிப் பார்க்கக்கூடாது.

சரிசெய்ய ஆளும் பாகமும் கிடைக்காமல் குப்பைக்குப் போவதன் கணக்கு பெரிது. 2022-ஆம் ஆண்டு மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்கிறது ஐ.நா. சார்பு அறிக்கை, முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது அதில் கால்பங்குகூட இல்லை. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24-இல் அதற்கென்று ஓர் இணையத் தளத்தையும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் ஆகிய நான்கு வகைக்கும் உதிரிபாகம், கையேடு, வாரண்டி விவரங்களை நிறுவனங்கள் அங்கே தரவேண்டும் என்பது எண்ணம். சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். பில் கையில் இருக்கவேண்டும். அதைத்தான் நாம் முதலில் தொலைப்போம்.

மெக்கானிக்குக்குப் போன் செய்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி, "ஓடலை" என்பதற்கு மேல் இரண்டு வாக்கியம் சொல்வது. எப்போது நின்றது, அதற்குமுன் சத்தமா நாற்றமா, போட்டவுடனா அரைமணி கழித்தா, மழைக்குப் பிறகா. அவர் வந்து நின்றதும் இயந்திரம் நல்ல பிள்ளையாக ஓடுவது உலக வழக்கம். சூட்டில் மட்டும் விட்டுப்போகும் லூஸ் கான்டாக்ட் ஆறியதும் சேர்ந்துகொள்ளும், பழைய டி.வி.யை ஓங்கித் தட்டினால் படம் வந்ததன் ரகசியமும் விட்டும் தொட்டும் இருந்த பற்றவைப்புதான். அதனால் கோளாறு வரும்போதே செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துவைத்தால், வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்பதற்காவது சாட்சி இருக்கும்.

எந்த ரிப்பேர் கடைக்குப் போனாலும் பின்சுவரில் ஓர் அலமாரி உண்டு. சரிசெய்து முடித்த மிக்ஸிகள், இஸ்திரிப் பெட்டிகள், ஒரு ரேடியோ. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய தாளில் பேனாவால் பெயர், போன் நம்பர், தேதி. சில தேதிகள் இரண்டு தீபாவளிக்கு முந்தியவை. மேலே ஒரு பலகை: 'முப்பது நாட்களுக்குள் எடுத்துச் செல்லாத பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' கடைக்காரர் அவ்வப்போது ஒவ்வொன்றையும் பிளக்கில் சொருகி ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தூசி தட்டி, திரும்ப அதே இடத்தில் வைக்கிறார்.